கருப்பை அகற்றிய பிறகு வீட்டில் முதல் 6 வாரங்கள்: முழுமையான வழிகாட்டி

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெண்ணைப் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, "தையல் பிரிச்சாச்சா?" என்பதைத்தான். பிரித்தாயிற்று என்று பதில் வந்துவிட்டால், அந்த வீட்டில் எல்லோருடைய மனத்திலும் ஆபரேஷன் முடிந்துபோன சங்கதியாகிவிடுகிறது. மறுநாளே மாவாட்டும் வேலை அவள் தலையில் விழுகிறது. மகளிர் வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, இதைப் போலத் தவறான நிம்மதியைத் தரும் கேள்வி வேறு இல்லை என்றே தோன்றுகிறது. வயிற்றின் மேலே தெரியும் தோல் பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாட்களுக்குள் ஒட்டிவிடும். ஆனால் கருப்பையை அதன் வாயோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு, யோனியின் மேல்முனையை மூடித் தைத்த உள்தையல் ஒன்று இருக்கிறது. யார் கண்ணுக்கும் படாத அந்தத் தையல் உறுதிப்பட ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இங்கே நான் சொல்லப்போகும் கட்டுப்பாடுகளில் பாதிக்கு மேல் அந்த உள்தையலை முன்னிட்டவையே.

வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு வலியும் களைப்பும் அதிக நாள் இருக்கும். யோனி வழியாகவோ லேப்ராஸ்கோப்பி முறையிலோ செய்தவர்கள் சீக்கிரம் நடமாடத் தொடங்குவார்கள். சிறு துளைகள்தானே என்று இவர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்தையல் இவர்களுக்கும் உண்டு என்பது மட்டுமல்ல, அது பிரிந்துபோகும் சிக்கல் அரிதானதே என்றாலும், லேப்ராஸ்கோப்பி செய்தவர்களிடம்தான் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியவுடன் பைக்குள் திணிக்காமல், பணியில் இருக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, எதை எடுத்தார்கள் என்பது: கருப்பை மட்டுமா, கருப்பை வாயும் சேர்ந்தா, சினைப்பைகளில் ஒன்றா, இரண்டுமா. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண்கள், பத்தாண்டு கழித்து எலும்புத் தேய்மானத்துக்காக வேறொரு மருத்துவரிடம் போகும்போது, சினைப்பை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பார்கள். இரண்டாவது, தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வேண்டியதா, பிரிக்க வேண்டுமென்றால் எந்தத் தேதியில் என்பது. மூன்றாவது, அகற்றிய பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்களே, அந்த பயாப்சி அறிக்கையை எப்போது, யாரிடம் வாங்க வேண்டும் என்பது. கட்டி சாதாரணமானதுதான் என்று ஸ்கேன் சொல்லியிருந்தாலும் இறுதியாகச் சொல்வது இந்த அறிக்கைதான். வாங்கப்படாமல் அலமாரியில் தங்கிவிடுவதும் பெரும்பாலும் இதுவேதான்.

வீட்டில் இருப்பவர்கள் அன்றே செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. பாயில் படுத்துப் பழகியவராக இருந்தாலும் முதல் 2 வாரங்களுக்காவது கட்டில் வேண்டும், ஏனெனில் தரையிலிருந்து எழும்போது வயிற்றுத் தசைகள் முழுவதும் இறுகுகின்றன. இந்திய முறைக் கழிப்பறை மட்டும் உள்ள வீடாக இருந்தால், மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், நடுவில் துளையுள்ள நாற்காலியை வாங்கியோ இரவல் பெற்றோ அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று, பேட் இரண்டு மூன்று பாக்கெட், கையில் அடங்கும் சிறிய தலையணை ஒன்று ஆகியவை தயாராக இருக்கட்டும். அந்தத் தலையணை முதலில் பயன்படுவது வீடு திரும்பும் வழியிலேயே. காரிலோ ஆட்டோவிலோ வரும்போது வயிற்றின்மேல் அதை வைத்து அணைத்துக்கொண்டால், வேகத்தடைகளின் குலுக்கல் தையலில் நேரடியாக இறங்காது. பயணம் நீண்டதென்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நாலு அடி நடக்க வேண்டும்.

எழுவதும் நடப்பதும்

முதல் வாரத்தில் அதிகமாக வலிப்பது படுக்கையிலிருந்து எழும் தருணத்தில்தான். மல்லாந்து படுத்திருக்கும் நிலையிலிருந்து தலையைத் தூக்கி நேராக எழவே கூடாது. முதலில் இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களைப் படுக்கையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கால்கள் இறங்கும் அதே நேரத்தில் மேலே இருக்கும் கையால் மெத்தையை அழுத்தி உடலைப் பக்கவாட்டில் உயர்த்தினால், வயிற்றுக்கு அதிக வேலையில்லாமல் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பின்பு எழுந்து நிற்கலாம். பக்கத்தில் இருப்பவர் அக்குளில் கைகொடுத்து இழுப்பதைவிட, அவள் பிடித்துக்கொள்ளத் தன் முன்கையை அசையாமல் நீட்டி வைப்பதுதான் உண்மையான உதவி.

இருமலோ தும்மலோ வரும்போது அந்தச் சிறு தலையணையைத் தையலின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலிக்கும் என்று பயந்து இருமலை அடக்கினால் சளி நெஞ்சிலேயே தங்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்தாறு தடவை ஆழமாக மூச்சிழுத்து விடுவது அதனால்தான். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டையில் குத்துவலி வரலாம். வயிற்றுக்குள் செலுத்திய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவது அது. நடக்க நடக்கக் குறையும்.

"அசையாம படு" என்பது அன்பினால் சொல்லப்படும் ஆபத்தான அறிவுரை. படுத்தே கிடப்பவர்களின் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையக்கூடும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வீட்டுக்குள் 5 நிமிடமாக நாளுக்கு ஐந்தாறு முறை நடந்து, உடல் தாங்குவதைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். படுத்திருக்கும்போதும் தையல் மெஷினை மிதிப்பதுபோலக் கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், நன்றாக நடக்கிறோமே என்று அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

வலி மாத்திரை

வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு விழுங்கும் மாத்திரை அரைமனத்தோடுதான் வேலை செய்யும். முதல் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்த இடைவெளியில் நேரம் தவறாமல் எடுத்துக்கொண்டு, வலி குறையக் குறைய எண்ணிக்கையைக் குறைப்பதே சரியான முறை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: காய்ச்சல், சளி, தலைவலிக்கென்று தனியாக வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது, ஏற்கெனவே அதை எடுத்துக்கொண்டிருப்பவர் மேலும் ஒன்றைச் சேர்த்தால் அளவு மீறிவிடும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கும் பிற வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

தையலும் குளியலும்

மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, செம்பால் மொண்டோ ஷவரிலோ குளிக்கலாம். தையலின்மேல் சோப்பு நீர் வழிந்தோடினால் போதும், தேய்க்கக் கூடாது. பிறகு சுத்தமான துண்டால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் சில நிமிடம் உலர விட வேண்டும். அடிவயிற்றில் கிடைமட்டமாகப் போட்ட தையல், சற்றுப் பருமனான பெண்களுக்கு வயிற்று மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வியர்வை தங்கிப் புண்ணாவது அங்கேதான். பாவாடை நாடாவோ பேண்ட்டின் எலாஸ்டிக்கோ அந்த இடத்தில் அழுந்தாமல் நைட்டி அணிவதே வசதி. மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் ஆறாத தையலில் வைக்கக் கூடாது; மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் டப்பாவில் இருக்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்ட மருந்தல்ல. தொட்டிக் குளியல், குளம், ஆறு, கடல் எல்லாம் 6 வாரத்துக்குப் பின்னர்தான். வடுவைச் சுற்றி மரத்துப்போனது போலவோ அரிப்பாகவோ சில மாதங்கள் இருக்கக்கூடும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வயிற்று பெல்ட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நடக்கும்போது பிடிமானம் தருவதால் சிலருக்கு அது வசதியாக இருக்கிறது. உள்ளே எதையும் ஒட்டவைப்பதோ தொப்பையைக் கரைப்பதோ அதனால் ஆகாது. போட்டால், மூச்சு விடவும் சாப்பிடவும் இடைஞ்சல் இல்லாத தளர்வோடு போட்டு, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

உதிரப்போக்கு

கருப்பையே இல்லையே, பிறகு எங்கிருந்து இரத்தம் வருகிறது என்று பெண்கள் திடுக்கிடுவது இயல்பு. அது உள்தையல் ஆறும்போது வரும் கசிவு. முதலில் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், பின்னர் வெளிர்மஞ்சளாகவும் மாறிக் கொஞ்சங் கொஞ்சமாக நிற்கும். 6 வாரம் வரை நீடிக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் உள்தையல் நூல் கரையும்போது சிறிது புதிய இரத்தம் தெரிவதும், நூல்துண்டு ஒன்று வெளியே வருவதும் உண்டு. வெளியே வைக்கும் பேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். யோனிக்குள் எதையும், மருத்துவர் தந்த மருந்தைத் தவிர, வைக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது.

சிறுநீரும் மலமும்

சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு ஓரிரு நாள் இலேசான எரிச்சல் இருக்கலாம். சிறுநீர் கழிக்கப் போகும் தொல்லைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் கிருமித் தொற்றாக மாறுகிறது.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக எண்ணிவிட வேண்டாம். மயக்க மருந்து, வலி மருந்து, நடமாட்டக் குறைவு, பாதிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்கிவிடுகின்றன. நான்காம் நாளில் முக்கும்போது ஏற்படும் அழுத்தம் நேராகப் போய் இடிப்பது அந்த உள்தையலில்தான். காலையில் எழுந்ததும் இரண்டு தம்ளர் வெந்நீர், மதியம் கீரையோ அவரைக்காயோ, இரவில் பப்பாளியோ ஊறவைத்த உலர்திராட்சையோ என்று தொடக்கத்திலிருந்தே திட்டமிட வேண்டும். கழிப்பறையில் பாதத்துக்குக் கீழே ஓர் அடி உயர முக்காலியை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்து, முன்புறம் சற்றுச் சாய்ந்தால் முக்காமலே வெளியேறும். அப்படியும் மூன்று நாள் மலம் போகவில்லையென்றால், இளக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கம் தேவையில்லை.

சாப்பாடும் பத்தியமும்

நம் வீடுகளில் ஆபரேஷன் செய்தவளுக்குப் பருப்பு ஆகாது, முட்டை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, சீழ் பிடிக்கும் என்று சொல்லி, ரசம் சாதத்தையும் பிரெட்டையும் மாறி மாறிக் கொடுப்பார்கள். சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் அல்ல. புண் ஆறுவதற்கான மூலப்பொருள் புரதம்தான். பருப்பு, முட்டை, மீன், கோழி, பால், தயிர், சுண்டல் இவற்றில் தங்களுக்குப் பழக்கமானவை ஒவ்வொரு வேளையும் ஏதாவதொன்று இலையில் இருக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. முதல் வாரத்தில் வாயுத் தொல்லை தரும் மொச்சையையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் மட்டும் ஒதுக்கிவைத்தால் போதும். சர்க்கரை நோயுள்ளவர்கள் வீட்டிலேயே அளவைப் பார்த்துவர வேண்டும், ஏனெனில் சர்க்கரை ஏறியிருந்தால் தையல் ஆறுவது தள்ளிக்கொண்டே போகும்.

கருப்பையில் வளரும் நார்க்கட்டிக்காக ஆபரேஷன் செய்தவர்களில் பலர், அதற்கு முன் மாதக்கணக்கில் பட்ட உதிரப்போக்கினால் இரத்தசோகையோடுதான் மேசைக்கே போயிருப்பார்கள். அவர்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்தால் உடலில் நன்றாகச் சேரும். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு எடுத்தால் பெரும்பகுதி வீணாகும், ஆகவே 2 மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுத்துப் போவது இந்த மாத்திரையால்தான்.

இரண்டாவது வாரம்

தவறுகள் நடப்பது இந்த வாரத்தில்தான். தையல் பிரித்தாயிற்று, வலி குறைந்தாயிற்று, உதவிக்கு வந்த அம்மா ஊருக்குக் கிளம்பியாயிற்று. என் தங்கைக்கு நானே பக்கத்தில் இருந்தும் இது நடந்தது. 12ஆம் நாள் காலையில், துவைத்த போர்வைகள் இருந்த பிளாஸ்டிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள். அன்று சாயங்காலம் பேட்டில் புதுச் சிவப்பு. அழைத்துக்கொண்டு ஓடினோம், நல்லவேளையாக உள்தையல் பிரியவில்லை, மேல்பரப்பில் சிறு கசிவுதான் என்றார்கள். "வெறும் துணிதானேன்னு நெனச்சேன்க்கா" என்றாள். நீர் கோத்த போர்வைகளின் எடையைப் பற்றி எனக்கே அதற்கு முன்னால் தோன்றியதில்லை.

எடை தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, அது கீழ்நோக்கி உள்தையலைத் தள்ளுகிறது. முதல் 2 வாரங்களில் தண்ணீர்ச் செம்பு, சாப்பாட்டுத் தட்டு இவற்றுக்கு மேல் எதையும் தூக்காதிருப்பது நல்லது. பிறகு 6 வாரம் முடியும்வரை 4 கிலோவைத் தாண்ட வேண்டாம். 4 கிலோ என்பது எவ்வளவு சிறியது என்பதை வீட்டுச் சாமான்களை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 10 லிட்டர் வாளித் தண்ணீர் 10 கிலோ. நிறைகுடம் அதற்கும் மேலே. அரிசியும் தண்ணீருமாக இருக்கும் 5 லிட்டர் குக்கரே வரம்பைத் தொட்டுவிடும். கிரைண்டரின் கல்லையும் பாத்திரத்தையும் கழற்றித் தூக்குவது நிச்சயம் தாண்டிவிடும். கேஸ் சிலிண்டரில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அதை உருட்டுவதும் தள்ளுவதும்கூட வேண்டாம். மிகவும் கடினமானது குழந்தை. இரண்டு வயதுக் குழந்தை 10 கிலோவுக்கு மேல் இருக்கும். தாய் உட்கார்ந்துகொண்டு, வேறொருவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைப்பதென்று முதல் நாளே வழக்கப்படுத்திவிட வேண்டும்.

குனிந்து பெருக்குவது, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது, வாசலில் கோலம் போடுவது, அடிகுழாயில் தண்ணீர் அடிப்பது ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். நின்றுகொண்டே காய் நறுக்குவது, தாளிப்பது, துணி மடிப்பது போன்றவற்றை மூன்றாம் வாரத்திலிருந்து, களைப்பு தெரிந்ததும் நிறுத்திவிடும் நிபந்தனையோடு செய்யலாம். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்வதையும் முதல் ஒரு மாதம் தவிர்ப்பது நல்லது. வண்டி ஓட்டுவதற்கு 6 வாரமாவது காத்திருந்து, திடீரென்று பிரேக் போட்டாலும் வயிறு வலிக்காது என்ற நிலை வந்த பிறகே தொடங்க வேண்டும்.

இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சியை, சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு, வலியில்லாத அளவுக்கு மெதுவாக ஆரம்பிக்கலாம். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இழுத்து, 5 விநாடி வைத்திருந்து, தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள்

காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலோ குளிர்நடுக்கம் வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக இரத்தம் போனாலோ, கசிவு துர்நாற்றம் அடித்தாலோ, தையல் சிவந்து சூடேறிச் சீழ் வடிந்தாலோ, மறுநாள் காலை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல் தொடர்ந்து வாந்தி வருவது குடல் அடைப்பாக இருக்கலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வதும், அதற்கு நேர்மாறாக யோனி வழியாக நாள் முழுவதும் தண்ணீர்போல ஒழுகுவதும் உடனே காட்ட வேண்டியவை. இரண்டாவதை வெள்ளைப்படுதல் என்று எண்ணி வாரக்கணக்கில் மறைத்துவைத்த பெண்களைக் கண்டிருக்கிறேன், ஆனால் அது சிறுநீர்ப்பையில் விழுந்த துளையாக இருக்கக்கூடும்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் உடனே போக வேண்டும், அந்தக் காலை நீவிவிடக் கூடாது. திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108க்கு அழைக்க வேண்டும். யோனி வழியாகத் திடீரென்று வலியோடு நீர் பாய்ந்தாலோ, ஏதோ இறங்குவது போல் இருந்தாலோ, உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிப் படுக்கவைத்து, சாப்பிடக் குடிக்க எதுவும் கொடுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

சினைப்பையும் மனமும்

சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்திருந்தால் மாதவிலக்கு நிற்குமே தவிர ஹார்மோன் சுரப்பு தொடரும். மாதத்தில் சில நாள் மார்பு கனப்பதும் எரிச்சல்படுவதும் முன்போலவே இருக்கலாம். இரண்டையும் எடுத்திருந்தால், மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயதுக்கு முன்பே அதன் விளைவுகள் அத்தனையும் ஒரே வாரத்தில் வந்து இறங்கும்: முகத்தில் அனல் அடிப்பது, நள்ளிரவில் புடவை நனையும் வியர்வை, தூக்கமின்மை, யோனி வறட்சி. இதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. ஹார்மோன் சிகிச்சை தமக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டி-யும் பற்றியும் கேட்க வேண்டும்.

காரணமில்லாமல் அழுகை வருவது முதல் சில வாரங்களில் சாதாரணம். சோகத்தோடு, மாதாமாதம் பட்ட பாடு தீர்ந்தது என்ற நிம்மதியும் கலந்து வரும். இரண்டும் ஒருசேர இருப்பதில் தவறில்லை. "அந்த இடம் காலியாவா இருக்கும்?" என்று என்னிடம் கேட்காத பெண் குறைவு. குடல் நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். காலியாக எதுவும் இருக்காது. பலம் போய்விடும், இனி பெண்ணே இல்லை என்றெல்லாம் பேச வரும் உறவினர்களுக்கு, தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பும் ஒருவர் வீட்டில் இருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

ஆறாவது வாரப் பரிசோதனையும் அதன் பிறகும்

வலி இல்லையே என்று இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. உள்தையல் ஆறியிருக்கிறதா என்பதை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்த பிறகே தெரியும். தாம்பத்திய உறவும் அதற்குப் பிறகுதான். இதை வாய்விட்டுக் கேட்கும் பெண்கள் மிகக் குறைவு என்பதால், கணவரையும் உள்ளே அழைத்து மருத்துவர் வாயாலேயே சொல்லவைப்பது நல்ல ஏற்பாடு. மேசை வேலைக்கு உடனேயும், நின்றும் சுமந்தும் செய்யும் வேலைக்கு 8 வாரத்துக்குப் பிறகும் திரும்பலாமா என்று அன்றே கேட்டு, தேவையான சான்றிதழையும் வாங்கிக்கொள்ளலாம். வயலிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போகும் பெண்களுக்கு 8 வாரம் என்பது பெரிய இழப்புதான். முடியாதவர்கள் முதலில் இலகுவான வேலைக்குப் போய், சித்தாள் சுமையைக் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருப்பை வாயை விட்டுவைத்தவர்களுக்கு மாதாமாதம் சில சொட்டு இரத்தம் தெரியக்கூடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் அவர்கள் முன்போலவே தொடர வேண்டும். பயாப்சி அறிக்கையை அதற்குள் வாங்கியிருக்காவிட்டால் அன்றே கேட்டு வாங்கி, மருத்துவரிடம் படித்துக் காட்டச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து ஒரே ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பீரோவில் வைத்துப் பூட்டவும்.